எல்லைச் சாலையில் எய்ட்ஸ் கணக்கு

2024இல் உலகெங்கும் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தவர்கள் 4 கோடியே 8 லட்சம் பேர் என்கிறது ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸ். 2006ஆம் ஆண்டுக்கு அதே அமைப்பு அப்போது சொன்ன எண் 3 கோடியே 95 லட்சம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குப் பதினெட்டு ஆண்டு உழைப்பு வீணாய்ப் போனதாகவே தோன்றும். ஆனால் நடந்தது வேறு. எய்ட்ஸ் சாவுகள் உச்சத்தில் இருந்த 2004இல் ஓராண்டில் 21 லட்சம் பேர் இறந்தார்கள். 2024இல் இறந்தவர்கள் 6 லட்சத்து 30 ஆயிரம். புதிதாகத் தொற்றியவர்கள் 1996இல் 34 லட்சம். 2024இல் 13 லட்சம். இன்றைக்கு மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் கூட்டு மருந்து சாப்பிடுகிறார்கள். போதாக்குறைக்கு, 2006இல் சொன்ன அந்த எண்ணே பிழையானது. மறு ஆண்டிலேயே அதை 3 கோடியே 27 லட்சமாகத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில் மிகப் பெரிய தனிப்பங்கு ஒரே ஒரு நாட்டிலிருந்து வந்தது, அது இந்தியா.

எச்.ஐ.வி.யின் போக்கை அறிய மொத்த எண்ணிக்கை உதவாது, மாநில வாரியான பட்டியலும் பாதிதான் உதவும் என்பது இக்கட்டுரையின் வாதம். பரிசோதனையில் தொற்று தெரிந்த ஒருவர் மருந்துக்கு வந்தாரா, வந்தவர் ஊர் மாறிய பிறகும் மருந்தில் நீடிக்கிறாரா, நீடிக்காதவர் என்ன ஆனார் என்ற தொடர்ச்சியே உண்மையான அளவுகோல். அந்தத் தொடர்ச்சி அறுபடும் இடங்களில் முக்கியமானது மாநில எல்லை. தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் வட்டாரம் வழியாக ஓசூர் சென்று, ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில் கர்நாடகத்துக்குள் நுழையும் பாதை அப்படிப்பட்ட ஓர் எல்லை. உலகக் கணக்கில் தெரியும் ஓட்டைகளை இந்தச் சிறு நிலப்பரப்பில் தெளிவாகப் பார்க்கலாம்.

முதலில் எண்களின் தன்மையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓர் ஏரியின் நீர்மட்டம் ஏறியிருக்கிறது என்றால் வரத்துக் கால்வாயில் நீர் கூடியிருக்கலாம். அல்லது மதகை அடைத்திருக்கலாம். மட்டத்தை மட்டும் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் எண்ணிக்கை அந்த நீர்மட்டம். புதிய தொற்று அதற்கு வரத்து, சாவு அதன் போக்கு. மருந்து இல்லாத காலத்தில் தொற்றியவர் சராசரியாகப் பத்தாண்டுக்குள் எய்ட்ஸ் நிலைக்குப் போய் இறந்தார். இன்று நாளுக்கு ஒரு மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுபவர் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே முழு ஆயுளும் வாழ முடியும். ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் மற்றவருக்கு அவரிடமிருந்து தொற்றாது என்பதும் உறுதியாகிவிட்டது. ஆகவே வாழ்வோர் எண்ணிக்கை கூடுவது சிகிச்சையின் வெற்றியாகவே இருக்கக்கூடும். இந்தியாவில் 2023ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி 25 லட்சத்து 44 ஆயிரம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள், அந்த ஆண்டில் புதிய தொற்று ஏறத்தாழ 68 ஆயிரம், எய்ட்ஸ் தொடர்பான சாவு ஏறத்தாழ 36 ஆயிரம். 2010ஐ ஒப்பிட்டால் புதிய தொற்று 44 சதவீதமும் சாவு 79 சதவீதமும் குறைந்துள்ளன. சாவு குறைந்த வேகத்துக்குத் தொற்று குறையவில்லை என்பதை இந்த இரண்டு சதவீதங்களின் இடைவெளி சொல்லிவிடுகிறது. நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணுக்கே படாது.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன? இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனிடம் பயின்ற நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் இந்த நோய்க்கு இடமே இல்லை என்று நம்பியவர்களை உலுக்கிய கண்டுபிடிப்பு அது. அதன்பின் 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவும், 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் வந்தன. பின்னால் மற்ற மாநிலங்கள் தொடங்கிய சங்கங்களுக்கு முன்மாதிரி தமிழ்நாட்டுச் சங்கமே. 1998 முதல் நாடு முழுக்கக் காவல் கண்காணிப்பு என்ற முறை நடைமுறைக்கு வந்தது. தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்களில் வரிசையாக 400 பேரின் ரத்தத்தை, பெயரை நீக்கிவிட்டுச் சோதிப்பார்கள். கர்ப்பிணிகளின் தொற்று விகிதம் பொதுமக்களின் விகிதத்தை ஒட்டியிருக்கும் என்பது அதன் அடிப்படை. பாலியல் நோய்ச் சிகிச்சைக்கு வருவோர், பாலியல் தொழிலாளர், ஊசியால் போதை ஏற்றுவோர் போன்றோருக்குத் தனி இடங்கள் இருந்தன.

தொடக்கத்தில் இருநூறுக்கும் குறைவான இடங்களே இருந்தன, அவையும் பெரும்பாலும் பெரிய அரசு மருத்துவமனைகள். அந்த மாதிரிகளை வைத்து நூறு கோடி மக்களுக்கான கணக்குப் போட்டார்கள். அமெரிக்க உளவுத் துறைக்கு ஆய்வறிக்கை தரும் தேசிய உளவு மன்றம், 2010க்குள் இந்தியாவில் 2 கோடி முதல் 2 கோடியே 50 லட்சம் பேருக்குத் தொற்று இருக்கும் என்று 2002இல் எழுதியது. 2006இல் யுஎன்எய்ட்ஸ் இந்தியாவுக்குச் சொன்ன எண் 57 லட்சம். தென்னாப்பிரிக்காவையும் மிஞ்சிய எண் அது. அதே ஆண்டு லலித் தண்டோனா தலைமையிலான குழு ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்து வெளியிட்ட ஆய்வு இந்தக் கட்டடத்தையே அசைத்தது. காவல் கண்காணிப்பு முறைப்படி அந்த மாவட்டத்தில் 1 லட்சத்து 12 ஆயிரம் பேருக்குத் தொற்று இருந்திருக்க வேண்டும். வீட்டுவாரி ஆய்வு சொன்னது சுமார் 46 ஆயிரம்.

வித்தியாசத்துக்குக் காரணம் ஆய்வுக்கூடத்தில் இல்லை. நோயாளிகள் போய்ச் சேரும் வழியில் இருந்தது. தனியார் மருத்துவமனைகள் தொற்றுள்ளவர்களையும், தொற்று இருக்குமோ என்று ஐயம் எழுந்தவர்களையும் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அப்படி வந்து சேர்ந்தவர்களும் சாதாரணமாக வருபவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். வரிசையில் நின்றவர்களை எண்ணி, அதுவே மாவட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2005-06இல் நடந்த மூன்றாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தைச் சோதித்தபோது நாடு முழுவதுக்குமான விகிதம் 0.28 சதவீதம்தான் வந்தது. கண்காணிப்பு இடங்களும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. இரண்டையும் சேர்த்து 2007 ஜூலையில் நாக்கோ வெளியிட்ட புதிய எண் ஏறத்தாழ 25 லட்சம். பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் மறைந்தார்கள். அவர்கள் ஒருபோதும் இருக்கவில்லை.

அந்த நாளில் இன்னொன்றும் நடந்தது, அதை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அவற்றில் ஒன்று. மூன்றாண்டில் மருந்து பெறுவோர் படிப்படியாகக் கூடிவந்தார்கள். மொத்த எண் 57 லட்சத்திலிருந்து 25 லட்சமானதும், ஒரே ஒரு நோயாளிக்குக்கூடக் கூடுதலாக மருந்து போகாமலேயே சிகிச்சை எட்டிய விகிதம் இரட்டிப்பாகிவிட்டது. பின்னத்தின் பகுதி சுருங்கினால் விகிதம் தானாகவே பெருகும். இன்று உலகம் முழுக்க இலக்காக வைத்திருக்கும் 95-95-95 என்ற அளவுகோலிலும் இதே சிக்கல் உண்டு. தொற்றுள்ளவர்களில் 95 சதவீதத்தினருக்குத் தங்கள் நிலை தெரிய வேண்டும், தெரிந்தவர்களில் 95 சதவீதத்தினர் மருந்தில் இருக்க வேண்டும், மருந்தில் இருப்பவர்களில் 95 சதவீதத்தினருக்கு வைரஸ் அடங்கியிருக்க வேண்டும். 2023-24 அளவில் இந்தியா எட்டியது 81, 88, 97. இரண்டாவதும் மூன்றாவதும் பதிவேட்டிலிருந்து வருபவை; கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஓர் அட்டை, மருந்து வாங்கிய தேதி உண்டு. முதலாவது அப்படியல்ல. அதன் மேலே இருப்பது எண்ணப்பட்ட மனிதர்கள். கீழே இருப்பது கணினி மாதிரி தந்த ஊகம். மீதி 19 சதவீதம், அதாவது ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள் என்று நாம் சொல்வது அந்த ஊகத்தின் பலத்தில்தான். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே இனி வரும் கேள்வி. அதற்குத்தான் எல்லைக்கு வர வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. மேற்கிலும் வடக்கிலும் கர்நாடகம், வடகிழக்கில் ஆந்திரம். தமிழ்நாட்டையும் சேர்த்து இந்த மூன்று மாநிலங்களுமே ஒரு காலத்தில் நாக்கோ அதிகத் தொற்றுள்ளவை என்று வகைப்படுத்திய ஆறில் அடங்கியவை. மூன்றாம் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் விகிதம் 0.34 சதவீதம், கர்நாடகத்தினுடையது 0.69, ஆந்திரத்தினுடையது 0.97. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரு மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருந்திருக்கிறது. ஆனால் மக்கள் வாழ்க்கையில் அப்படி ஒரு கோடு கிடையாது. ராயக்கோட்டைத் தக்காளி மண்டியிலிருந்து கிளம்பும் லோடு பெங்களூருக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் போகிறது. ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூரின் தென்கோடித் தொழிற்பேட்டைகளுக்கும் இங்கிருந்து நாள்தோறும் ஆட்கள் போய் வருகிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், அசாம் என்று தொலைவிலிருந்து வந்தவர்கள் ஓசூரைச் சுற்றி வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் பெங்களூர்ச் சாலையும் சென்னைச் சாலையும் தெற்கே போகும் நெடுஞ்சாலையும் கூடுவதால் லாரி ஓட்டுநர்களுக்கு இது இயல்பான தங்குமிடம்.

இப்படிப்பட்ட இடத்தில் கண்காணிப்பு எதை அளக்கும்? பெங்களூரில் கணவனுடன் வாழும் ராயக்கோட்டைப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது இங்கே வழக்கம். அவள் ராயக்கோட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஓசூர், கிருஷ்ணகிரி மருத்துவமனைகளிலோ பதிவு செய்துகொள்கிறாள். அவள் ரத்தம் கண்காணிப்பு மாதிரியில் சேர்ந்தால் அது கிருஷ்ணகிரி மாவட்டக் கணக்கு. அவள் தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு இருந்ததோ பெங்களூரில். மறுபுறம், வடமாநிலத்திலிருந்து வந்து ஓசூரில் வேலை செய்யும் ஆண் இங்கே பரிசோதனைக்கே போவதில்லை. ஊரிலிருக்கும் அவன் மனைவிக்குக் கர்ப்பகாலத்தில் தொற்று தெரியவரும்போது அது ஒடிசாவின் ஏதோ ஒரு மாவட்டத்தின் எண். கண்காணிப்புப் படிவத்திலேயே கணவனின் தொழில் என்ன, பிழைப்புக்கு வெளியூர் போகிறவனா என்ற கேள்விகள் உண்டு. கணவன் லாரி ஓட்டுநராகவோ வெளியூர்த் தொழிலாளியாகவோ உள்ள பெண்களிடம் விகிதம் கூடுதலாக இருப்பதையும் நாக்கோவின் அறிக்கைகளே காட்டியிருக்கின்றன. குண்டூரில் பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களால் எண் ஊதியது. எல்லை மாவட்டத்தில் வருபவர்களாலும் போகிறவர்களாலும் எண் எந்தப் பக்கமும் சாயலாம். நாக்கோ மாவட்ட வாரியாகவும் மதிப்பீடு வெளியிடுகிறது. அம்மதிப்பீடு ஒரு மனிதனை ஒரு மாவட்டத்தில் உட்கார வைத்தாக வேண்டும். இரண்டு மாநிலங்களில் பாதிப் பாதியாக வாழ்பவனுக்கு அதில் இடமில்லை.

தொற்று தெரிந்த பிறகு வருவது இன்னும் கடினமான பகுதி. தமிழ்நாட்டில் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். அங்கே தொற்று உறுதியானால் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். 2017 முதல், நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திராமல், தொற்று உறுதியானவுடனேயே மருந்து தொடங்கப்படுகிறது. மருந்தை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஓசூர்க்காரர் பெங்களூரில் மருந்து வாங்குவதற்கு வேலை காரணமாக இருக்கலாம். தெரிந்த முகம் எதிரே வந்துவிடக் கூடாது என்ற அச்சமும் காரணமாக இருக்கலாம். அந்த அச்சம் நியாயமானது, அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. அதேபோல் அத்திப்பள்ளிக்காரர் இந்தப் பக்கம் வருகிறார். ஒப்பந்த வேலை முடிந்து ஊர் திரும்பும் தொழிலாளி எங்கேயும் சொல்லாமல் போகிறார். தொடர்ந்து மூன்று மாதம் மருந்துக்கு வராதவரைத் தொடர்பு அற்றவர் என்று மையம் குறித்துக்கொள்ளும். அந்தத் தலைப்பின்கீழ் மூன்று வகையினர் கலந்திருக்கிறார்கள்: வேறு மையத்தில் ஒழுங்காக மருந்து வாங்குபவர், மருந்தையே விட்டவர், இறந்தவர். ஒருவர் நலமாக இருக்கிறார், ஒருவர் உடலில் வைரஸ் மீண்டும் பெருகுகிறது, ஒருவர் உயிருடன் இல்லை. மூவரையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டு நோயின் போக்கைப் பேச முடியாது.

சாவுக் கணக்கு இவை எல்லாவற்றிலும் பலவீனமானது. நாட்டில் பதிவாகும் சாவுகளில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் மருத்துவர் காரணச் சான்று தருகிறார். எச்.ஐ.வி. உள்ளவர் பெரும்பாலும் காசநோயால் இறப்பதால் சான்றிலும் காசநோய் என்றே இருக்கும். வீட்டில் இறந்தால் காய்ச்சல் என்பதோடு முடியும். பிரபாத் ஜா குழுவினர் பதினொரு லட்சம் வீடுகளில் நடந்த சாவுகளைக் குடும்பத்தாரிடம் விசாரித்துக் காரணம் கண்டறிந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. 2004இல் இந்தியாவில் எச்.ஐ.வி.யால் இறந்தோர் ஏறத்தாழ ஒரு லட்சம் என்றது அது. அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்ட தொற்று எண்ணிக்கை, திருத்திய பிறகும் அரசு சொல்லிவந்த எண்ணைவிடக் குறைவாகவே இருந்தது. சாவிலிருந்து தொற்றுக்குப் போகும் இந்த வழி, மருத்துவமனை வரிசையை நம்பாதது என்பதால் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது. இன்று சொல்லப்படும் ஏறத்தாழ 36 ஆயிரம் சாவு என்பதோ எண்ணப்பட்டதல்ல. மருந்தில் இருப்பவர், இல்லாதவர் இவ்வளவு பேர் என்றால் இவ்வளவு பேர் இறந்திருப்பார்கள் என்று மாதிரி சொல்வது. மருந்தில் இருப்பவர் யார் என்பதே எல்லையில் மங்கினால் சாவின் எண்ணும் கூடவே மங்குகிறது.

எண்கள் இவ்வளவு தடுமாறுமானால் அவற்றை ஏன் நம்ப வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். இந்த ஐயத்துக்கு உலக அளவிலும் ஆதாரம் உண்டு. 2013ஆம் ஆண்டுக்கு யுஎன்எய்ட்ஸ் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் 3 கோடியே 50 லட்சம் என்றது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நோய்ச்சுமை ஆய்வுக் குழு 2 கோடியே 92 லட்சம் என்றது. ஐம்பத்தெட்டு லட்சம் பேர் வித்தியாசம். 2015க்கான புதிய தொற்றை முன்னவர் 21 லட்சம் என்றார்கள், பின்னவர் 25 லட்சம் என்றார்கள். ஆனால் கவனித்துப் பார்த்தால், அளவில் முரண்பட்ட இரு தரப்பும் திசையில் பெரிதும் ஒத்துப்போயின. சாவு 2004-05 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கியது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. புதிய தொற்று இறங்கும் வேகத்தில்தான் வேறுபட்டார்கள், அந்தச் சச்சரவே தடுப்புப் பணி சுணங்குகிறது என்ற எச்சரிக்கையாகப் பயன்பட்டது. இந்தியாவிலும் 57 லட்சம் 25 லட்சமானது எண்ணும் தொழில் தோற்றதற்கு அடையாளம் என்று நான் கொள்ளவில்லை. தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் அளவுக்கு அது வளர்ந்ததற்கு அடையாளம். ஒவ்வொரு சுற்றிலும் பழைய ஆண்டுகளின் வளைகோட்டையும் புதிதாக வரைகிறார்கள். ஆகவே ஓர் ஆண்டு அறிக்கையின் எண்ணை இன்னோர் ஆண்டு அறிக்கையின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. ஒரே அறிக்கைக்குள் உள்ள ஆண்டுகளைத்தான் ஒப்பிட வேண்டும். நாளிதழ்களில் இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது ஆட்சேபம் தமிழ்நாட்டின் வெற்றியிலிருந்து வருகிறது. தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடம் தொற்று விகிதம் 2000இல் 1.7 சதவீதமாக இருந்து 2004இல் 1.1 சதவீதமாகக் குறைந்ததை 2006இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. இளம் வயதினரிடம் குறைவது புதிய தொற்று குறைவதற்கு நல்ல அறிகுறி. அதன்பின் விகிதம் மேலும் இறங்கிவிட்டது. தமிழ்நாட்டில் இன்று வாழ்வோர் ஒன்றரை லட்சம் அளவில். இவ்வளவு அடங்கிய நோய்க்கு எல்லையில் போய்க் கூடுதல் கணக்கு எதற்கு? பதில் எளிது. பரவலாக இருந்தபோது எங்கே சோதித்தாலும் தொற்று அகப்பட்டது. விகிதம் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வழக்கமான வலையில் விழாதவர்களாக இருப்பார்கள். கர்ப்பிணி ஒவ்வொருவரும் சோதிக்கப்படுகிறார்கள். தங்கள் நிலை அறியாதவர்கள் பெரும்பாலும் கர்ப்பகால மருத்துவமனைப் பக்கமே வராத ஆண்கள், இடம்விட்டு இடம் போகிறவர்கள், தங்கள் பாலியல் வாழ்வை மறைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள். சராசரி இறங்கியதே, சராசரியை வைத்து இனி வேலை நடக்காது என்பதற்குக் காரணம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்கு மிகக் கனமானது. ஆளைத் தொடர்ந்து பின்பற்றுவது என்றால் அது கண்காணிப்பாகவும் வேட்டையாகவும் மாறாதா? வெளிமாநிலத் தொழிலாளர் என்றாலே நோய் சுமப்பவர் என்ற பழியைப் புள்ளிவிவரமே உறுதிப்படுத்திவிடாதா? இந்த அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. முதல் ஆண்டுகளில் தொற்றுள்ளவர்களை அடைத்து வைத்ததும், மருத்துவமனைகளே சிகிச்சை மறுத்ததும் இந்நாட்டில் நடந்தவை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒப்புதல் இல்லாத பரிசோதனையையும், நிலையை வெளிப்படுத்துவதையும், வேலையிலும் சிகிச்சையிலும் பாகுபாட்டையும் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் எல்லைக்குள்தான் எந்தக் கணக்கும் நடக்க வேண்டும். இங்கே நான் கேட்பது தொழிற்சாலை வாசலில் ரத்தம் எடுப்பதை அல்ல. விடுதி விடுதியாகப் பட்டியல் தயாரிப்பதையும் அல்ல. அப்படிச் செய்தால் முதலில் ஓடி ஒளிபவர் சிகிச்சை தேவைப்படுபவராகவே இருப்பார். ஏற்கெனவே தானாக மருந்துக்கு வந்தவர் ஊர் மாறும்போது அவரது மருந்துத் தொடர்ச்சி அறுபடாமல் பார்ப்பதே வேண்டியது. அதற்குத் தேவையானது அவர் விவரம் எந்தத் தாலுகா அலுவலகத்துக்கும் போவதல்ல. இரு மையங்களுக்கு நடுவே ஓர் எண் போய்ச் சேர்வது. தமிழ்நாட்டுக்கு இதில் அனுபவம் உண்டு. கர்ப்பிணிகளுக்கான பிக்மி எண், பெண் கணவன் வீட்டிலிருந்து தாய்வீடு போனாலும் கூடவே போகிறது. எந்தச் சுகாதார நிலையத்தில் காட்டினாலும் முந்தைய பரிசோதனைகள் தெரிகின்றன. எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் சோச் என்ற தேசிய மென்பொருள் வந்துவிட்டது. கருவி இருக்கிறது. மாநிலச் சங்கம் மாநிலத்துக்குள் கணக்குக் காட்டும் பழக்கம்தான் மாறவில்லை.

பணத்தை மருந்துக்குச் செலவிடாமல் எண்ணுவதற்குச் செலவிடுவதா என்பாரும் உண்டு. மருந்து இன்று விலையுயர்ந்த பொருளல்ல என்பதை அவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஓராண்டு மருந்துக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் என்றிருந்த நிலையை, 2001இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உடைத்தது. இன்று அதிலும் பல மடங்கு குறைந்துவிட்டது. மாத்திரை மலிவானபின், யாருக்கு அது போய்ச் சேரவில்லை என்பதை அறிவதே செலவு பிடிக்கும் வேலை. 2025 இந்த உண்மையைக் கொடுமையாக உணர்த்தியது. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஆப்பிரிக்காவில் மருந்துக் கிடங்கு ஊழியர்களோடு பதிவேடு எழுதுவோரும், ஆலோசகர்களும், மருந்துக்கு வராதவரைத் தேடிப் போகும் களப்பணியாளர்களும் வேலை இழந்தார்கள். ஏறத்தாழ தொண்ணூறு நாடுகளில் வீட்டுவாரிக் கணக்கெடுப்பு நடத்திவந்த திட்டமும் நின்றது. நமது குடும்பநலக் கணக்கெடுப்பும் அதே மரபில் வந்தது. நிதி திரும்பாவிட்டால் 2029க்குள் கூடுதலாக 60 லட்சம் பேருக்குத் தொற்றும், 40 லட்சம் பேர் இறப்பார்கள் என்று யுஎன்எய்ட்ஸ் கணித்தது. அதைச் சரிபார்க்க வேண்டிய கணக்கெடுப்பே இல்லாமல் போவதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது. இந்தியாவின் நிலை வேறு. 2021 முதல் 2026 மார்ச் வரையிலான தேசியத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கான ஏறத்தாழ 15,472 கோடி ரூபாயும் மத்திய அரசின் பணம். வெளியார் கை விட்டாலும் நம் மருந்து நிற்காது. ஆகவே கணக்கைச் செம்மைப்படுத்தாமல் இருப்பதற்கு நம்மிடம் சாக்கும் இல்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஏ.ஆர்.டி. மையங்களும், பெங்களூர் நகர, ஊரக மையங்களும், குப்பம் பக்கத்து ஆந்திர மையங்களும் சேர்ந்து காலாண்டுக்கு ஒருமுறை ஒரே ஓர் அட்டவணையை வெளியிட்டால் போதும், பெயரோ ஊரோ இல்லாமல். எல்லை தாண்டி மாற்றல் கேட்டவர் எத்தனை பேர், அவர்களில் மறுபக்க மையத்தில் மருந்து வாங்கியவர் எத்தனை பேர், தொடர்பு அற்றவர் என்று குறிக்கப்பட்டவர்களில் வேறு மையத்தில் இருப்பவர், மருந்தை விட்டவர், இறந்தவர் தனித்தனியே எத்தனை பேர். அதோடு, நம்பிக்கை மையத்தில் புதிதாகத் தொற்று தெரிந்தவர் கடந்த ஓராண்டில் எந்தெந்த மாநிலத்தில் வாழ்ந்தார் என்ற ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்க்கலாம், பதில் சொல்வது அவர் விருப்பம். இந்த விடைகள் வந்தால், மாவட்ட மதிப்பீட்டு மாதிரிக்கு இப்போது ஊகமாகக் கொடுக்கப்படும் இடப்பெயர்வு அளவுக்கு முதன்முறையாக உண்மையான எண் கிடைக்கும். மூன்று மாநிலச் சங்கங்களும் ஒப்புக்கொண்டால் இதற்குப் புதிய கட்டடமோ புதிய மருந்தோ வேண்டாம். ஓசூருக்கும் பெங்களூருக்கும் நடுவே நாளுக்கு நூறு முறை பேருந்து ஓடும் எல்லையில் தொடங்கிப் பார்த்துவிட்டு, சரியாக வந்தால் மற்ற எல்லைகளுக்கும் கொண்டு போகலாம்.